மேர் ஒதீலின் பசுக்கள்

சைகோன் நகரத்துக்கு வடக்கே, கால்வாயைத் தாண்டி ஜியா தின் போகிற பாதையில், பிரெஞ்சுக் கன்னியர்கள் நடத்திய அநாதைப் பிள்ளைகள் மடம் ஒன்று இருந்தது. அதன் மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்தவர் பிலவேந்திரன். காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரிக்காரர். சைகோனில் பால் வியாபாரம் செய்த தாய்மாமனுக்குத் துணையாகக் கப்பலேறி வந்தவர். மாமன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய சிந்து மாடுகளை மடத்தார் வாங்கிக்கொண்டார்கள். மாடுகளோடு மாட்டுக்காரரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பெற்றவர்களால் வளர்க்க முடியாத சிசுக்களைக் கூடையில் வைத்து மடத்து வாசலில் விட்டுவிட்டுப் போவது அந்த ஊரில் நடப்பதுதான். அப்படி வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்த மாடுகளின் பால்தான் ஆதாரம். மடத்துத் தலைவி மேர் ஒதீல்; மேர் என்றால் பிரெஞ்சில் அம்மா. பிரான்சில் ஏதோ குளிர்ந்த மலைநாட்டுக் குடியானவர் வீட்டில் பிறந்த பெண். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் வந்து, சினைமாட்டின் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டுப் போவார். பிலவேந்திரனிடம் அதிகம் பேசமாட்டார். ஆனால் அந்த ஊரில் பிலவேந்திரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் மேர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் 'ஏழாம் அண்ணன்'. சைகோன்காரர்கள் இந்தியர் யாரைக் கண்டாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மனைவி ரோசாலியும் மகள் மதலேனும் கோட்டுச்சேரியில் இருந்தார்கள். ஒரே ஒரு தடவை ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். அப்போது மதலேன் தவழ்ந்துகொண்டிருந்தாள். மறுபடி போகப் பணம் சேருவதற்குள் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடி, யுத்தம் வந்து கடலை அடைத்துவிட்டது. கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நகரத்துக் கோயிலுக்குப் போனால் புதுச்சேரி, காரைக்கால் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். எல்லாரும் சர்க்கார் உத்தியோகம், போலீஸ், சுங்கம் என்று பூட்ஸ் போட்டு வருகிறவர்கள். பிலவேந்திரன் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் மாட்டு வாசனை போகாது. கடைசித் தூணோரமாக நின்று பூசை கண்டுவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பிவிடுவார்.

அந்தக் கோயிலில் ஒருநாள், புதுச்சேரியில் நெடுநாள் இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் தமிழில் பிரசங்கம் செய்தார். எஜமான் வெளியூர் போயிருக்கும்போது அவர் வீட்டையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிற விசுவாசமான, பிரமாணிக்கமுள்ள ஊழியனைப் பற்றிப் பேசினார். எஜமான் எந்த நேரமும் வந்து கதவைத் தட்டலாம் என்றார். அந்தச் சொல் பிலவேந்திரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிரமாணிக்கம். பால் கறக்கும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

நாற்பத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதம் ஜப்பான்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களின் அதிகாரத்தை ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து மடத்து வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பிரெஞ்சுக் கன்னியர்கள் எல்லாரும் ஏறவேண்டும், பிள்ளைகளும் உள்ளூர் அன்னாமியக் கன்னியர்களும் இருக்கலாம் என்று உத்தரவு. மேர் ஒதீல் ஒரு சின்னப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார். லாரியில் ஏறுவதற்கு முன்னால் கொட்டகைக்கு வந்து, ஏழு மாடுகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பிலவேந்திரன், இந்த மாடுகள் என்னுடையவை அல்ல. உன்னுடையவையும் அல்ல. குழந்தைகளுடையவை. நான் வரும்வரை இவற்றைப் பார்த்துக்கொள்" என்றார்.

பிலவேந்திரன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேர்" என்று தமிழிலேயே சொன்னார். பிரெஞ்சில் சொல்லவேண்டும் என்று லாரி போன பிறகுதான் தோன்றியது.

அடுத்த வாரமே ஜப்பான் ராணுவம் மடத்துக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. சேர் லூசி, அதாவது சகோதரி லூசி, என்ற அன்னாமியக் கன்னிகை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச தூரத்திலிருந்த ஒரு கோயிலின் கூடத்துக்குப் போனார். கொட்டகை தோட்டத்தின் கடைக்கோடியில், கால்வாயை ஒட்டி இருந்ததால் அதை யாரும் சட்டை செய்யவில்லை. பிலவேந்திரன் அங்கேயே படுத்து, அங்கேயே பொங்கித் தின்றார். காலையும் மாலையும் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கோயில் கூடத்துக்குப் பால் கொண்டுபோனார். அமெரிக்க விமானங்கள் துறைமுகத்தில் போடவேண்டிய குண்டு ஒன்று வழிதப்பித் தோட்டத்தில் விழுந்ததில் ஒரு பசு செத்தது. ஜப்பான்காரர்கள் சமையலுக்கென்று இரண்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்தவருக்குத் துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஓர் அடி கிடைத்தது. மிச்சம் நாலு.

ஆகஸ்டில் ஜப்பான் தோற்றது. மேர் வந்துவிடுவார் என்று பிலவேந்திரன் கொட்டகையைக் கழுவி, மாடுகளைக் குளிப்பாட்டி வைத்தார். மேர் வரவில்லை. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார்கள். தலாத் மலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். செத்துப்போய்விட்டதாகவும் ஒருவர் சொன்னார். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய வியத்மின்காரர்கள் சுதந்திரம் என்று கொடி ஏற்றினார்கள். தெருவெல்லாம் மூங்கில் ஈட்டியோடு ஊர்வலம். நகரத்தில் பெரிய சண்டை வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சேர் லூசி பிள்ளைகளோடு குச்சி என்ற ஊர்ப் பக்கத்தில் தன் அண்ணன் இருக்கிற கிராமத்துக்குப் போய்விடுவதென்று முடிவு செய்தார். புறப்படுகிற அன்று அவரே கொட்டகைக்கு வந்தார்.

"மாடுகளை ஓட்டிக்கிட்டு நீங்களும் எங்களோட வந்துடுங்க. அங்க புல்லுக்குப் பஞ்சமில்ல" என்றார்.

"மேர் பாத்துக்கச் சொன்னது இங்க. வந்து பாக்கறப்ப கொட்டகை காலியாக் கெடந்தா நான் என்னன்னு பதில் சொல்றது?"

சேர் லூசி அவரை வற்புறுத்தவில்லை. காய்ச்சி வைத்திருந்த பாலை வாங்கிக்கொண்டு போனார். பிள்ளைகளை ஏற்றிய மாட்டுவண்டிகள் பாலம் ஏறி மறைகிறவரை பிலவேந்திரன் வேலியோரம் நின்று பார்த்தார். தாம் செய்தது சரி என்றுதான் நினைத்தார். இருந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது மாடுகள் இருந்தன, குடிக்கப் பிள்ளைகள் இல்லை. கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். கறந்தார். கன்றுக்கு விட்டதுபோக மிச்சத்தை உறைக்கு ஊற்றி, கடைந்து, வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினார். மீன்சாறு வருகிற மண்ஜாடிகளைக் கழுவிக் காயவைத்து, அதில் நெய்யை ஊற்றி, வாயைத் துணியாலும் களிமண்ணாலும் மூடி வரிசையாக அடுக்கினார். தனக்கென்று ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. மேர் வருவார், பிள்ளைகள் வருவார்கள், எல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் சண்டை வந்தேவிட்டது. பிரிட்டிஷ்காரர்கள் இந்தியச் சிப்பாய்களோடு வந்து இறங்கினார்கள். அவர்களுடைய துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தை மறுபடி பிடித்தார்கள். வியத்மின்காரர்கள் நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு உள்ளே அரிசியும் காய்கறியும் போகாமல் அடைத்தார்கள். பெரிய மார்க்கெட்டின் பக்கமிருந்து புகை எழுவது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. இந்தியச் சிப்பாய்கள் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்ற பேச்சு பரவியதும் பிலவேந்திரனைப் பார்க்கிற கண்களெல்லாம் மாறிப்போயின. தவிடு விற்கிறவன் இல்லையென்றான். வழக்கமாகச் சிரிக்கிற காப்பிக்கடைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரோடு பேசுகிறவள் சாவ் அக்கா ஒருத்திதான். கால்வாய்க்கு அக்கரையில் குடிசைச் சந்தில் இருந்துகொண்டு, சின்னப் படகில் புல் அறுத்து வந்து கொட்டகைக்குப் போடுகிறவள். அவளும் படகை மறைவாகக் கட்டிவிட்டு, புல்லைப் போட்டதும் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் லெயோன் வந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்துக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்குகிற அலுவலகத்தில் குமாஸ்தா. கோயிலில் பிலவேந்திரனுக்கு எப்போதாவது தலையசைக்கிற ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த மாட்டுக்காரரை அன்றைக்கு அண்ணே என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ராணுவ ஆஸ்பத்திரிக்கும் ஆபீசர்களின் சாப்பாட்டு மெஸ்ஸுக்கும் பால் கிடைக்கவில்லை. மாடுகளை ஒப்படைத்துவிட்டால், புதுச்சேரிக்குப் போகிற முதல் கப்பலில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"மேர் இருக்காங்களோ இல்லையோ தெரியல. புள்ளைங்க போயாச்சு. இனிமே இது யாரு மாடு, சொல்லுங்க? நீங்க ஊருக்குப் போய் அண்ணியப் பாருங்கண்ணே. மக இந்நேரம் கல்யாணத்துக்கு நிப்பா."

இத்தனை வருஷமாகப் பிலவேந்திரன் ரோசாலியின் குரலைக்கூட மறந்துகொண்டு வந்திருந்தார். அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தால் வேறு யாருடைய குரலோ வந்து காதில் விழும். யோசித்துச் சொல்கிறேன் என்று லெயோனை அனுப்பினார். போக வேண்டும் என்றுதான் யோசித்தார். நாலு மாடு ஒரு ராணுவத்துக்குப் பெரிதில்லை, நோயாளிகளும் குடிக்கத்தானே போகிறார்கள் என்று தமக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சாவ் அக்கா புல்லோடு வந்தாள். மழை வந்துவிட்டதால் கொட்டகைக்குள் ஒதுங்கினாள். சுவரோரம் அடுக்கியிருந்த ஜாடிகள் கண்ணில் பட்டன. மீன்சாறா என்று கேட்டாள். பால் நெய் என்றார் பிலவேந்திரன்.

"யாருக்கு?"

"புள்ளைங்களுக்கு."

"எந்தப் புள்ளைங்களுக்கு?"

மடத்துப் பிள்ளைகளுக்கு என்று அவர் சொன்னார். அவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றார். சாவ் அக்கா, தங்கள் சந்தில் பெற்றவளுக்கு மார்பு வற்றிப்போய், கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை அன்று காலையில் செத்துவிட்டதாகச் சொன்னாள். அவர்மேல் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. கால்வாயில் தண்ணீர் ஏறிவிட்டது என்பதைப்போலச் சொன்னாள். மழை விட்டதும் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிலவேந்திரன் ஜாடிகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். அன்றைய பிரசங்கம் முழுவதும் அப்போதுதான் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தது. சாமியார் கதவைத் தட்டுவதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. வீட்டு ஆட்களுக்கு வேளாவேளைக்குப் படியளக்கிறவன்தான் பிரமாணிக்கமுள்ளவன் என்றும் சொல்லியிருந்தார். எஜமான் வரும்போது எல்லாம் பூட்டியபடி இருக்கவேண்டும் என்பதை மட்டும் இவர் பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகளுடைய மாடு என்று மேர் சொன்னார். மடத்துக் குழந்தைகள் என்று சொன்னாரா? லாரி நின்ற இடத்தையும் மேர் நின்ற இடத்தையும் எத்தனை தடவை மனசில் கொண்டுவந்து பார்த்தும், அந்த ஒரு வார்த்தை அங்கே இல்லை.

மறுநாள் காலைக் கறவையைக் காய்ச்சி, கேனோடு சாவ் அக்காவின் படகில் ஏறினார். அக்கரையில் முதல் வீட்டுக்காரி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். இரண்டாவது வீட்டில் ஒருவன் அரிவாளோடு வெளியே வந்தான். பாலில் விஷம் இருக்கும், வெள்ளைக்காரனின் ஆள் இவன் என்றார்கள். பிலவேந்திரன் கேனைத் திறந்து, ஒரு குவளை மொண்டு, அவர்கள் பார்க்கக் குடித்தார். அன்றைக்கு ஒருத்திதான் வாங்கினாள். மறுநாளும் அதேபோலக் குடித்துக் காட்டினார். நாளடைவில் காட்டவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நெய்யையும் கொண்டுபோய், பெற்றவர்கள் கஞ்சியில் ஒரு கரண்டி விட்டுக் குடிக்கட்டும் என்றார். அந்த வாசனை பிடிக்காமல் முகத்தைச் சுளித்தார்கள், ஆனாலும் குடித்தார்கள். நன்றி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருடைய பெயரையும் யாரும் கேட்கவில்லை. பாலை அளந்து ஊற்றிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், பேசுவதற்கு மாடுகள்தான்.

லெயோன் பதிலுக்கு வந்தபோது, மாடுகளைத் தர முடியாது என்றார் பிலவேந்திரன்.

"தம்பி, இதுங்களுக்குக் குடிக்க ஆள் இருக்கு."

அக்கரைக்குப் பால் போவது லெயோனுக்குத் தெரிந்திருந்தது. அங்கே துப்பாக்கிக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள், உங்களைப் பிடித்துச் சுட்டால் நான் வந்து பேச முடியாது என்று எச்சரித்தார். கடைசியில், அந்தக் கப்பலில் தாம் போகப்போவதாகவும், கோட்டுச்சேரிக்குப் போய் ரோசாலியைப் பார்த்துவிட்டு வருவதாகவும் சொன்னார். பிலவேந்திரனுக்குச் சொல்லி அனுப்ப நிறைய இருந்தது. நான் நல்லாயிருக்கேன்னு சொல்லுங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

துப்பாக்கிக்காரர்கள் அக்கரையில் இருந்தது உண்மைதான். ஒருநாள் அவர்கள் வந்து, சண்டைபோடுகிறவர்களும் சாப்பிட வேண்டும் என்று ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு காலையில் சாவ் அக்காவின் படகு வரவில்லை. அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டு ஓய்ந்திருந்தது. பிலவேந்திரன் பாலத்தைச் சுற்றிக்கொண்டு கேனோடு நடந்தே போனார். சந்து இருந்த இடத்தில் சாம்பலும், எரியாமல் நின்ற சில கம்பங்களும்தான் இருந்தன. மனுஷர் ஒருவரும் இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. பால் ஆறிப்போகிறவரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினார். சாவ் அக்கா என்ன ஆனாள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. புல் போட ஆளில்லாமல் வயதான ஒரு பசு இளைத்து விழுந்தது. மிச்சமிருந்தது மயிலை, அதன் கன்று, பால் வற்றிய கறுப்பி. ஜாடிகள் காலி.

ஈஸ்டருக்கு முன்னால் மேர் ஒதீல் வந்தார். கைத்தடி ஊன்றி நடந்தார். காய்ச்சலில் தலைமுடியை மழித்திருந்ததால் முக்காடு நெற்றியில் தளர்ந்து கிடந்தது. கட்டடத்தில் இப்போது பிரெஞ்சு ராணுவம் இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நேரே கொட்டகைக்கே வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த வாளிமேல் உட்கார்ந்தார். பிலவேந்திரன் எல்லாவற்றையும் ஒப்பித்தார். குண்டில் செத்தது, அடித்துப் பிடுங்கியது, நெய், சந்து, சாம்பல், எதையும் விடவில்லை. சேர் லூசி கூப்பிட்டும் தாம் போகாததையும் அவரே சொன்னார்.

அந்த இடத்தில் மேர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குழந்தைகளுக்கு அங்கே பால் இருந்ததா?"

"தெரியாதுங்க மேர்."

"நான் உன்னிடம் மாடுகளைப் பார்த்துக்கொள் என்று சொன்னேனா, குழந்தைகளைப் பார்த்துக்கொள் என்று சொன்னேனா?"

"மாடுகளைத்தான் சொன்னீங்க."

மேர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம். அப்படித்தான் சொன்னேன். அது என் பிழை" என்றார்.

அவர் திட்டியிருந்தால் பிலவேந்திரன் தாங்கிக்கொண்டிருப்பார். எழுந்துபோய் மயிலையின் கழுத்துக் கயிற்றைச் சரிபார்க்கிற மாதிரி திரும்பி நின்றார். பிறகு, குச்சிக்குப் போய்வர உத்தரவு கேட்டார். வழி நெடுக இரண்டு பக்கமும் சுடுகிறார்கள், போகக்கூடாது என்றார் மேர். பிலவேந்திரன் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் மாடுகள் இரண்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். வாசலில் நின்ற மேர் தடுக்கவில்லை. கையை உயர்த்திச் சிலுவை போட்டு அனுப்பினார்.

வெயில் சுட்டெரிக்கிற மாதம். வரப்போரம் மேயவிட்டு, குட்டையில் தண்ணீர் காட்டி, மெதுவாகத்தான் ஓட்டவேண்டியிருந்தது. பாலத்துக் காவலில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மயிலையைக் கறந்து வேண்டியமட்டும் குடித்து அனுப்பினார்கள். ஹோக் மோன் என்ற ஊரைத் தாண்டிய பிறகு வீடுகளில் ஆளே இல்லை. மூங்கில் படல் கட்டி ரோட்டை அடைத்திருந்த ஓர் இடத்தில் நாலைந்து பேர் அவரை மறித்துக் கைகளைப் பின்னால் கட்டினார்கள். இந்தியன், வேவு பார்க்க வந்தவன், என்ன செய்யலாம் என்று அவர்களுக்குள் பேச்சு நடந்தது.

பிலவேந்திரன் தமக்குத் தெரிந்த அன்னாமிய பாஷையில் சொன்னார்: "கன்னியம்மாகிட்ட அநாதைப் புள்ளைங்க இருக்கு. இந்த மாடு அதுங்களோடது. கொண்டுபோய்க் கட்டிட்டு வர்றேன். அப்பறம் என்ன வேணா செய்யுங்க."

அவர்களில் மூத்தவனாகத் தெரிந்தவன் மாடுகளைச் சுற்றி வந்து பார்த்தான். ஆட்களுக்கு இறைச்சி வேண்டும் என்றான். எதை எடுப்பது என்று தீர்மானிக்க அவன் கத்தியை மயிலையின் பக்கம் நீட்டியபோது, பிலவேந்திரன் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். கறுப்பியை எடுத்துக்கொள்ளுங்கள், அது பால் வற்றியது, பால்மாட்டை விட்டுவிடுங்கள் என்று தாமே தலையால் காட்டிக் கொடுத்தார். கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கொஞ்ச தூரம் போகிறவரை கறுப்பி பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சேர் லூசியின் கிராமத்தை விசாரித்துக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியேறிப் போன அத்தனை பேரும் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. வேலிக்கு அந்தப்புறம் மூங்கில் சிலுவை நட்ட சின்னச் சின்ன மண்மேடுகள் இருந்தன. சேர் லூசி வெயிலில் கறுத்து, காலில் செருப்பில்லாமல் வந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார்.

பிலவேந்திரன் ஒரு பானையைக் கேட்டு வாங்கி, முற்றத்திலேயே மயிலையைக் கட்டி, குந்தி உட்கார்ந்து கறக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவர் அங்கேயே தங்கிவிட்டார். கிராமத்தார் அவரோடு அதிகம் பழகவில்லை, தொந்தரவும் செய்யவில்லை. கன்று வளர்ந்தது. நாற்பத்தாறு முடிகிற சமயம் சண்டை அந்தப் பக்கம் முற்றியதால் சேர் லூசி பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவந்தார். மடத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியை ராணுவம் விட்டுக்கொடுத்திருந்தது. மேர் ஒதீல் வாசலில் நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு உள்ளே அனுப்பினார். கடைசியாக வந்த பசுவையும் அதேபோலத் தொட்டார். எத்தனை மாடு என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

லெயோன் ஊரிலிருந்து திரும்பி வந்து காத்திருந்தார். கொட்டகைக்கு வந்தவர், போன தடவை மாதிரி பக்கத்தில் உட்காரவில்லை. ரோசாலி யுத்தத்தின் மூன்றாம் வருஷமே காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். மதலேனைச் சின்னம்மா வளர்த்து, நாகப்பட்டினத்தில் ரயில்வேக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டாள். லெயோன் நாகப்பட்டினம்வரை போய் அவளைப் பார்த்திருந்தார்.

"உங்க மூஞ்சி எப்படியிருக்கும்னு கேட்டுச்சுண்ணே. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

பிலவேந்திரன் கேட்டுக்கொண்டார். லெயோனுக்குக் குடிக்கப் பால் கொடுத்தார், வாசல்வரை போய் வழியனுப்பினார். யாரிடமும் சொல்லவில்லை. வழக்கம்போல இரண்டு வேளையும் கறந்தார். இத்தனை வருஷமாக, ஊருக்குப் போனால் என்ன சொல்வது, எந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவது என்று சாணி அள்ளும்போது நினைத்துக்கொண்டே இருப்பார். இப்போது அந்த நேரத்தில் நினைக்க ஒன்றுமில்லாமல் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. லெயோனிடம் கேள்விப்பட்டு, அடுத்த கப்பலில் போய் மகளையாவது பார்த்துவிட்டு வா என்று மேர் சொல்லிப் பார்த்தார். போகலாம் என்றார். மயிலை மறுபடி சினையாக இருந்தது.

சேர் லூசிக்கும் லெயோன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஒரு மத்தியானம் அவர் கொட்டகைக்கு வந்து வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பிலவேந்திரன் பயந்தார். அவர், கன்று தன் அங்கியை நக்குவதைத் தடுக்காமல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, பூசையில் நினைத்துக்கொள்ள வேண்டும், உங்கள் வீட்டம்மா எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

பிலவேந்திரன் யோசித்தார். சொல்வதற்கு அதிகமில்லை. அவளோடு வாழ்ந்த காலமே கொஞ்சம்.

"அவளுக்கு மாடுன்னா பயம்" என்றார். "வாசல்ல ஒரு கன்னுக்குட்டி வந்து நின்னாக்கூட உள்ள ஓடிப்போய்க் கதவச் சாத்திப்பா. மாட்டுக்காரனக் கட்டிக்கிட்டு."

சேர் லூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிலவேந்திரனும் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், வெகுநேரம் அழுதார். சேர் லூசி எழுந்து போகவில்லை. உள்ளேயிருந்து பால் கேட்டு ஆள் வந்தபோது, அவரே வாளியை எடுத்துக் கொடுத்தனுப்பினார்.